கடலில் சிக்கிக்கொண்டால் கோஸ்ட் கார்டை அழைப்பது எப்படி? புதிதாகத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1554. இந்தியக் கடலோரக் காவல் படையின் அவசர உதவி எண் இது. கட்டணம் கிடையாது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் இதை உங்கள் போனிலும் வீட்டில் இருப்பவர்களின் போனிலும் பதிந்துவிட்டு வாருங்கள்.

பதிந்தாயிற்றா? சரி. இப்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கரையை விட்டுச் சில கடல் மைல் (ஒரு கடல் மைல் சுமார் 1.85 கிலோமீட்டர்) போனதும் போனில் சிக்னல் இருக்காது. அதற்கு அப்பால் நீங்கள் எப்படி உதவி கேட்பீர்கள், கேட்ட பிறகு எப்படிக் காத்திருப்பீர்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விசைப்படகிலோ ஃபைபர் படகிலோ முதல்முறை ஏறப்போகும் தம்பிகளை மனதில் வைத்து எழுதுவது இது. புதிதாக வருகிறவனுக்கு வலை இழுக்கக் கற்றுத்தருகிறார்கள், மீன் பிரிக்கக் கற்றுத்தருகிறார்கள். ஓட்டுநர் அடிபட்டுக் கிடந்தால் நீ யாரிடம் என்ன சொல்லுவாய் என்று மட்டும் கேட்பதில்லை. அந்த ஒரு நாளில் வயர்லெஸ் மைக் புதியவன் கையில்தான் இருக்கும்.

யாரை அழைக்கிறோம்?

கடலில் சீருடை போட்டவர்கள் எல்லாரையும் "நேவி" என்று சொல்லிவிடுகிறோம். மூன்று தனித்தனிப் படைகள் இருக்கின்றன. சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் கடற்படையுடையவை. வெள்ளை உடலில் சாய்ந்த பட்டை போட்டு வருபவை கடலோரக் காவல் படையின் கப்பல்கள். கரையை ஒட்டிச் சிறு படகுகளில் சுற்றுகிறவர்கள் மாநில அரசின் மரைன் போலீஸ். தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று அதற்குப் பெயர். அவர்களுடைய எண் 1093.

கடலோரக் காவல் படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. 1977 பிப்ரவரி 1 அன்று தற்காலிக அமைப்பாகத் தொடங்கி, 1978-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் முழுமையான படையானது. கடத்தலைத் தடுப்பது, எல்லையைக் காப்பது, எண்ணெய்க் கசிவைத் துடைப்பது எல்லாம் அவர்கள் வேலைதான். ஆனால் நமக்கு முதலில் தெரியவேண்டியது வேறு. இந்தியா பொறுப்பேற்றிருக்கும் கடற்பகுதியில் தேடல் மீட்பை ஒருங்கிணைப்பதும் அவர்கள்தான். அந்தப் பகுதி ஏறத்தாழ 46 லட்சம் சதுர கிலோமீட்டர், நம் நாட்டின் நிலப்பரப்பைவிடப் பெரியது. இதைக் கவனிக்கும் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் மும்பை, சென்னை, போர்ட் பிளேர் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ஆகிய மூன்று இடங்களில் இயங்குகின்றன.

உயிரைக் காப்பாற்ற வருவதற்குக் காசு வாங்கமாட்டார்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கப்பலும் விமானமும் வந்தால் பெரிய பில் வந்துவிடுமோ என்று பயந்து, அழைக்காமலேயே மிதந்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு

இதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இன்ஜின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. 6 மணி நேரம் கழித்துத் தேட ஆரம்பித்தால், 6 கடல் மைல் ஆரம் உள்ள வட்டத்துக்குள் தேடவேண்டும். அதன் பரப்பு சுமார் 113 சதுரக் கடல் மைல். 12 மணி நேரம் கழித்து என்றால் அது சுமார் 452. நேரம் இரண்டு மடங்கானால் தேடவேண்டிய கடல் நான்கு மடங்காகிறது.

இதுகூட நீங்கள் நின்ற இடம் சரியாகத் தெரிந்திருந்தால் மட்டும்தான். "நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே எங்கேயோ" என்றால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. அலையடிக்கும் கடலில், விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு ஃபைபர் படகு வெள்ளை நுரைகளுக்கு நடுவே இன்னொரு நுரை போலத்தான் தெரியும். தண்ணீரில் தனித்து மிதக்கும் மனிதனின் தலை தேங்காய் அளவு. தேட வருகிறவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும், நீங்கள் கொடுக்கும் இடமும் நேரமும்தான் அவர்களுக்குக் கண்.

கரையில் முடிக்கவேண்டியவை

விசைப்படகு என்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கிளம்பவேண்டும். சில இடங்களில் அவசரத்தில் இதை விட்டுவிட்டுப் போகிறார்கள். அது வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கடலில் இருக்கிறீர்கள் என்பதற்கு அரசிடம் இருக்கும் பதிவு அதுதான். டோக்கனில் நான்கு பேர் பெயர் இருந்து படகில் ஆறு பேர் இருந்தால், நான்கு பேரை மீட்டதும் தேடலை முடித்துவிடும் ஆபத்து இருக்கிறது. கடைசி நிமிடத்தில் ஏறிய ஆளின் பெயரும் பதிவில் இருக்கவேண்டும்.

வீட்டிலும் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். படகின் பெயர், பதிவு எண், படகின் நிறம், எத்தனை பேர், எந்தத் திசையில் எவ்வளவு தூரம், எவ்வளவு டீசல், எப்போது திரும்புவோம், கூடப் போகிற படகு எது. இவை போதும். படகைப் பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்து வீட்டில் யாருக்காவது அனுப்பிவிடுங்கள்.

வானிலை அறிவிப்பை எல்லாரும் பார்க்கத்தான் செய்கிறார்கள். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு 1 முதல் 11 வரை போகும். கரையில் இருக்கும்போது அது போதும். தங்கல் போகிறவர்களுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். 2017 ஒக்கி புயலை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாக இருந்தது 30-ஆம் தேதி புயலாகிவிட்டது. குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே கிளம்பிப் போயிருந்தன. எச்சரிக்கை கரைக்கு வந்தது, அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அத்தனை உயிர்கள் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஆழ்கடலுக்குப் போகிற படகில், கரையிலிருந்து செய்தி வாங்கக்கூடிய கருவி ஏதாவது ஒன்று இல்லையென்றால் அந்தப் படகில் ஏறலாமா என்று இரண்டு முறை யோசியுங்கள். வேலை கொடுப்பவரிடம் இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அப்புறம், லைஃப் ஜாக்கெட். மூட்டையாகக் கட்டி ஐஸ் அறைக்கு மேல் போட்டுவைத்தால் அது இருந்தும் இல்லாததுதான். வேலை செய்யும்போது வியர்க்கிறது, கை மடங்கவில்லை என்பார்கள். உண்மைதான், சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் இரவில் தனியாகப் படகின் ஓரத்துக்குப் போகும்போதும், காற்று கிளம்பும்போதும், கழிமுகத்தைத் தாண்டும்போதும் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒரு விசிலைக் கட்டிவிடுங்கள்.

ஜிபிஎஸ்ஸைப் படிக்கப் பழகுங்கள்

நான் சொல்லப்போவதில் மிக முக்கியமானது இது. படகில் ஏறிய முதல் நாளே ஓட்டுநரிடம் கேட்டு ஜிபிஎஸ் திரையில் நாம் இருக்கும் இடம் எங்கே தெரிகிறது என்று பார்த்துவிடுங்கள். இரண்டு எண்கள் இருக்கும். முதலில் வடக்கு, அடுத்து கிழக்கு. நம் பக்கத்தில் வடக்கு என்பது 8 முதல் 13 டிகிரிக்குள் இருக்கும். கிழக்கு 76-லிருந்து 81-க்குள் இருக்கும். மேற்கே அரபிக்கடலில் ஆழத்துக்குப் போனால் இன்னும் குறையும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பெரும்பாலான கருவிகள் டிகிரி, மினிட் என்று காட்டும். 9 டிகிரி 30 மினிட் என்றால் ஒன்பதரை டிகிரி, ஏனென்றால் ஒரு டிகிரிக்கு 60 மினிட். போனில் உள்ள வரைபடம் அதையே 9.5 என்று காட்டும். பதற்றத்தில் "9.30" என்று சொல்லிவிட்டால் கேட்பவர் 9.3 டிகிரி என்று எழுதிக்கொள்வார். வடக்குத் தெற்காக ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல். ஆக இந்த ஒரு வார்த்தைப் பிசகில் 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் தள்ளித் தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் "டிகிரி", "மினிட்" என்ற சொற்களை விடாமல் சொல்லுங்கள். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். முப்பது என்று சொல்லாமல் மூன்று, பூஜ்யம் என்று.

தினமும் ஒருமுறை, சாப்பிட்டு முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்களேன், இடத்தை வாய்விட்டுப் படித்துப் பழகுங்கள். ஒரு நோட்டில் மணியோடு சேர்த்து எழுதியும் வையுங்கள். இன்ஜினும் பேட்டரியும் ஒன்றாகப் போய்விட்டால் திரை இருண்டுவிடும். கடைசியாக எழுதிய அந்த வரிதான் கையில் இருக்கும்.

எதை வைத்து அழைப்பது?

கரைக்கு அருகில் என்றால் போன், 1554. எடுத்ததும் முதலில் இடத்தைச் சொல்லிவிடுங்கள். இணைப்பு எந்த நொடியிலும் போகலாம்.

அடுத்தது வயர்லெஸ். விஎச்எஃப் என்ற குறுந்தூர வயர்லெஸ் செட்டில் சேனல் 16 என்பது உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கு ஒதுக்கப்பட்டது. அதன் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். கோஸ்ட் கார்டு மட்டும் இதைக் கேட்பதில்லை, பக்கத்தில் போகும் சரக்குக் கப்பல்களும் கேட்டுக்கொண்டிருக்கும். பல சமயம் முதலில் வந்து சேருவது அந்தக் கப்பல்தான். ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது சர்வதேசச் சட்டப்படி அதன் கேப்டனின் கடமை. விஎச்எஃப் அலை நேர்கோட்டில் போவதால், ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் போகும். கையடக்க செட் என்றால் எழுந்து நின்று, உயரமான இடத்திலிருந்து பேசுங்கள். பட்டனை அழுத்திப் பேசி, விட்டுக் கேட்கவேண்டும். பயத்தில் பலர் பட்டனை விடுவதே இல்லை. பதில் வந்துகொண்டிருந்தாலும் அவர்களுக்குக் கேட்காது.

சேனல் 16-இல் மீன் விலை பேசுவது, பாட்டு போடுவது எல்லாம் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பக்கத்தில் யாராவது செய்தால் தடுத்துச் சொல்லுங்கள். உங்கள் பாட்டுக்கு அடியில் ஒருவன் மூழ்கிக்கொண்டிருக்கலாம்.

வயர்லெஸ் எட்டாத தூரத்துக்குப் போகிறவர்களுக்கு செயற்கைக்கோள் கருவிகள் இருக்கின்றன. இஸ்ரோ உருவாக்கிய டாட் என்ற ஆபத்து எச்சரிக்கைக் கருவி 2010 முதல் மீனவர்களிடம் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் படகின் அடையாளமும் இடமும் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து அந்தப் பகுதிக்குப் பொறுப்பான கோஸ்ட் கார்டு மையத்துக்குச் சேரும். பழைய டாட்டில் ஒரு குறை இருந்தது. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் கரையிலிருந்து பதில் வரும். கடலில் தத்தளிப்பவனுக்கு "கேட்டுவிட்டோம், வருகிறோம்" என்ற அந்த ஒரு செய்தி எவ்வளவு தெம்பு தரும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். புயல் எச்சரிக்கை போன்றவற்றையும் இதே வழியில் படகுக்கு அனுப்பமுடியும். மத்திய அரசின் திட்டத்தில் மீன்வளத் துறை மூலம் படகுகளுக்குப் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் கருவியும் இருவழிச் செய்தி கொண்டதுதான். உங்கள் படகில் இந்த இரண்டில் எது இருக்கிறது, பட்டன் எங்கே, எத்தனை நொடி அழுத்தவேண்டும் என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய படகுகளில் எபர்ப் இருக்கும். 406 மெகாஹெர்ட்ஸில் உலகளாவிய செயற்கைக்கோள் அமைப்புக்குச் செய்தி அனுப்பும் கருவி அது. அதைப் படகின் பெயரில் பதிவு செய்திருக்கவேண்டும், பேட்டரியின் தேதி முடியாமல் இருக்கவேண்டும். பழைய படகை வாங்கியவர்கள் பழைய உரிமையாளரின் பதிவை மாற்றாமலே விட்டுவிடுவதுண்டு. கருவி கத்தும்போது கரையில் இருப்பவர்கள் யாரோ ஒருவருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

தவறுதலாக அழுத்திவிட்டீர்களா? பயந்து அணைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வயர்லெஸ்ஸிலோ 1554-இலோ "தவறாக அழுத்திவிட்டோம், எல்லாரும் நலம்" என்று சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொன்னால் தேடக் கிளம்பியவர்கள் திரும்பிவிடலாம். சொல்லாமல் விட்டால், நிஜமாகவே மூழ்கும் இன்னொரு படகுக்குப் போகவேண்டிய விமானம் உங்களைத் தேடிக்கொண்டிருக்கும்.

என்ன சொல்லவேண்டும்?

உயிருக்கு ஆபத்து என்றால் "மேடே" என்று மூன்று முறை. படகு மூழ்குகிறது, தீப்பிடித்தது, ஆள் கடலில் விழுந்துவிட்டான், மாரடைப்பு மாதிரித் தெரிகிறது என்றால் மேடே. இன்ஜின் நின்றுவிட்டது, படகு நன்றாக மிதக்கிறது, உடனடி ஆபத்தில்லை என்றால் "பான் பான்" என்று மூன்று முறை. எது சரி என்று குழம்பினால் மேடே என்றே சொல்லுங்கள்.

ஒரு மாதிரி தருகிறேன். படகின் பெயரும் எண்களும் சும்மா உதாரணத்துக்கு.

"மேடே, மேடே, மேடே. இது கடலரசி, கடலரசி, கடலரசி. மேடே கடலரசி. இடம்: வடக்கு ஒன்று பூஜ்யம் டிகிரி, நான்கு ஐந்து மினிட். கிழக்கு எட்டு பூஜ்யம் டிகிரி, இரண்டு பூஜ்யம் மினிட். நாகப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே சுமார் 28 கடல் மைல். படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, மூழ்கிக்கொண்டிருக்கிறோம். உடனே உதவி வேண்டும். மொத்தம் ஆறு பேர், ஒருவருக்கு அடிபட்டிருக்கிறது. நீலப் படகு. ஓவர்."

பெயருக்கு அடுத்தபடி இடம் வருகிறது பாருங்கள். அதற்குமேல் பேசமுடியாமல் போனாலும் தேட வருவதற்கு அது போதும். பட்டனை விட்டு, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள். பதில் இல்லையென்றால் மறுபடியும் அதையே சொல்லுங்கள். பக்கத்துக் கப்பலில் இருப்பவர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம் என்பதால், முடிந்தால் எண்களையாவது ஆங்கிலத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். வராவிட்டால் தமிழிலேயே பேசுங்கள், வாயை மூடிக்கொண்டு மட்டும் இருந்துவிடாதீர்கள். இந்த மாதிரியை உங்கள் படகின் விவரத்தோடு ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, வயர்லெஸ் பக்கத்தில் ஒட்டிவைப்பது நல்லது. ஆபத்தில் நன்றாகப் படித்தவனுக்குக்கூட நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வேறொரு படகின் மேடே உங்களுக்குக் கேட்டால் உடனே எழுதிக்கொள்ளுங்கள். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் நீங்கள் பதில் சொல்லி, அந்தச் செய்தியைக் கரைக்குக் கடத்துங்கள். உங்கள் ஆன்டெனா எட்டும் இடத்துக்கு அவர்களுடையது எட்டாமல் இருக்கலாம்.

உதவி வரும்வரை

படகு மிதக்கும்வரை அதை விட்டு விலகாதீர்கள். கவிழ்ந்து கிடந்தாலும் அதன் மேல் ஏறியோ பிடித்துக்கொண்டோ இருங்கள். கரை கண்ணுக்குத் தெரிகிறது, நீந்திப் போய்விடலாம் என்று தோன்றும். கண்ணுக்குத் தெரியும் கரை பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும், இடையில் நீரோட்டம் இருக்கும். நல்ல நீச்சல்காரர்களைத்தான் இந்த எண்ணம் அதிகம் கொல்கிறது.

நங்கூரம் பிடிக்கும் ஆழம் என்றால் போட்டுவிடுங்கள். ஆழம் அதிகமா? கூடையையோ, சுருட்டிய வலையையோ, வாளிகளையோ நீண்ட கயிற்றில் கட்டி முன்பக்கத்திலிருந்து தண்ணீரில் விடுங்கள். அது படகை இழுத்துப் பிடிக்கும். படகின் முகமும் அலையைப் பார்த்து நிற்கும். முன்பு போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நகர்வது பாதியானால் தேடவேண்டிய கடல் கால்பங்காகிவிடும்.

குடிநீரைப் பொதுவில் வைத்து அளந்து குடியுங்கள். கடல்நீரை ஒரு வாய்கூடக் குடிக்கக்கூடாது. தார்ப்பாய் விரித்து நிழலில் இருங்கள். மழை பெய்தால் அதே தார்ப்பாயில் தண்ணீர் பிடிக்கலாம்.

தீக்குறிகள், அதாவது ஃபிளேர், எண்ணிக்கையில் குறைவாகத்தான் இருக்கும். கப்பலோ விமானமோ கண்ணில் பட்டால் அல்லது சத்தம் கேட்டால் மட்டும் பற்றவையுங்கள். பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் போய் 40 நொடி எரியும், தொலைவில் இருப்பவர்களைக் கூப்பிட அது. கையில் பிடிக்கும் சிவப்பு ஃபிளேர் ஒரு நிமிடம் எரியும், "இங்கேதான்" என்று காட்ட அது. ஆரஞ்சுப் புகை பகலுக்கு மட்டும். கையில் பிடிப்பதைக் காற்று போகும் பக்கமாகப் படகுக்கு வெளியே நீட்டிப் பிடியுங்கள், பொறி உள்ளே விழக்கூடாது. இவை எதுவுமே இல்லையென்றால் கண்ணாடித் துண்டு, தட்டின் அடிப்பக்கம், சிடி எதுவானாலும் வெயிலைப் பிடித்து விமானத்தின் பக்கம் மின்னச் செய்யுங்கள். வெறும் கண்ணாடிதான், ஆனாலும் வெகுதூரம் தெரியும்.

விமானம் தலைக்கு மேல் வந்துவிட்டு நேரே போய்விட்டால் மனம் உடைந்துவிடாதீர்கள். தேடல் விமானம் ஏர் உழுவது போலத்தான் பறக்கும். ஒரு கோடு போய், திரும்பி, பக்கத்துக் கோட்டில் வரும். கோஸ்ட் கார்டின் டோர்னியர் விமானத்தால் கடலில் இறங்கமுடியாது. உங்களைப் பார்த்தாலும் இடத்தைக் குறித்துக் கப்பலுக்கும் ஹெலிகாப்டருக்கும் சொல்லிவிட்டு, தேவைப்பட்டால் ரப்பர் மிதவைப் படகைப் போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஹெலிகாப்டரோ கப்பலோ வந்துவிட்டால்

ஹெலிகாப்டரின் காற்று தார்ப்பாய், பெட்டி மூடி எல்லாவற்றையும் கிளப்பிவிடும். முன்கூட்டியே கட்டிவிடுங்கள். ஆன்டெனா, கம்பம், கொடி எதை இறக்கமுடியுமோ இறக்குங்கள். அது அருகில் வந்தபிறகு ராக்கெட் விடவே கூடாது.

மேலிருந்து கம்பி இறங்கும். ஆர்வத்தில் பாய்ந்து பிடிக்காதீர்கள். அதில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும். முதலில் அது தண்ணீரையோ படகையோ தொடட்டும். கம்பியை எந்தக் காரணத்துக்காகவும் படகில் கட்டக்கூடாது, கட்டினால் ஹெலிகாப்டரே ஆபத்தில் மாட்டும். கம்பியின் முனையில் இருக்கும் வளையப்பட்டையைத் தலைவழியாக மாட்டி, இரண்டு அக்குளுக்கும் கீழே கொண்டுவந்து, இறுக்கிக்கொண்டு, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். கையை மேலே தூக்கினால் நழுவிவிடும். வீரர் ஒருவர் கூடவே இறங்கினால் அவர் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

பாக் விரிகுடா போன்ற ஆழம் குறைந்த இடங்களில் பெரிய கப்பல் வரமுடியாது. அதற்காகத்தான் மண்டபத்தில் ஹோவர்கிராஃப்ட், அதாவது காற்று மெத்தைமேல் மிதந்து போகும் கலம், வைத்திருக்கிறார்கள். பயங்கர இரைச்சலோடு தண்ணீர்ப் புகையைக் கிளப்பிக்கொண்டு வரும், பார்த்துப் பயப்படவேண்டாம்.

ஒன்றை மனம் நொந்துதான் சொல்கிறேன். வருகிறவர்கள் மனிதர்களை மீட்க வருகிறார்கள். கடல் இடம் கொடுத்தால் படகையும் கட்டியிழுத்து வருவார்கள். கொடுக்காவிட்டால் படகை விட்டுவிட்டு வரச் சொல்லுவார்கள். கடன் வாங்கிக் கட்டிய படகு, வீட்டு நகை அதில்தான் இருக்கிறது, எப்படி விட்டுவிட்டு வருவது? அந்த வலி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் "நான் படகோடு இருக்கிறேன், இவர்களைக் கூட்டிப் போங்கள்" என்று சொல்லி நின்றவரைத் தேடி இன்னொரு முறை வரும்போது, படகும் இருக்காது அவரும் இருக்கமாட்டார். ஏறச் சொன்னால் ஏறிவிடுங்கள்.

சோதனைக்கு வந்து நிறுத்தினால்

ஆபத்து எதுவும் இல்லாத நாளிலும் கோஸ்ட் கார்டு உங்கள் படகில் ஏறிப் பார்க்கலாம். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் குபேர் என்ற நம் நாட்டு மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் அதில் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் சோதனைகள் கூடின. வேகத்தைக் குறைத்து நில்லுங்கள். பதிவுச் சான்று, உரிமம், ஒவ்வொருவரின் அடையாள அட்டை ஆகியவற்றைத் தண்ணீர் புகாத உறையில் ஒரே இடத்தில் வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும். லைஃப் ஜாக்கெட்டும் வயர்லெஸ்ஸும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மரியாதையாகப் பேசுங்கள், உங்கள் சந்தேகங்களையும் அப்போதே கேளுங்கள். மீனவ ஊர்களில் அவர்கள் நடத்தும் சந்திப்பு நிகழ்ச்சிகளுக்கும் போய்வாருங்கள். லைஃப் ஜாக்கெட் எப்படிக் கட்டுவது, டாட் எப்படி இயக்குவது என்று கையில் கொடுத்துக் காட்டுவார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

சொன்ன நேரம் தாண்டியும் படகு வரவில்லை என்றால், "நல்ல மீன்பாடு கிடைத்திருக்கும், விடியட்டும் பார்ப்போம்" என்று உட்கார்ந்திருக்கவேண்டாம். கூடப்போன படகுகளைக் கேளுங்கள். விவரம் கிடைக்கவில்லை என்றால் 1554-க்கும் மீன்வளத் துறைக்கும் சொல்லிவிடுங்கள். மரைன் போலீஸின் 1093-க்கும் சொல்லலாம். எழுதிவைத்த சீட்டையும் படகின் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கடைசியாக யார், எந்த மணிக்கு, எந்த இடத்தில் பார்த்தார்கள் என்பதுதான் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. டீசல் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் போயிருக்கமுடியும் என்று கணக்கிடுவார்கள்.

புகார் கொடுத்தபிறகு படகு தானாகவே கரை சேர்ந்துவிட்டால், அந்த மகிழ்ச்சியில் மறந்துவிடாமல் அதே எண்ணுக்கு உடனே போன் செய்து "வந்துவிட்டார்கள்" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லும்வரை கடலில் யாரோ உங்கள் பிள்ளையைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.